மியூறன் கம்பிப் பாதை: உயரப் பயம் உள்ள ஆள் போகலாமோ?

அலஸ்தோட்டம்85

எல்லாருக்கும் வணக்கம். யூலையில சுவிஸில, பேர்ணில இருக்கிற அக்கா வீட்ட போறம், நானும் மகனும். அத்தார் மலை எண்டால் விசர் பிடிச்ச ஆள். மியூறன் எண்ட ஊரில இருந்து கிம்மெல்வால்ட் வரைக்கும் மலைச்சுவரில இரும்புக் கம்பி அடிச்சு வைச்சிருக்காம். இடுப்பில பெல்ட் கட்டி, அந்தக் கம்பியில கொளுக்கியை மாட்டிக்கொண்டு போறதாம். வியா ஃபெராட்டா எண்டு பேர். எங்களையும் கூட்டிக்கொண்டு போகத்தான் நிக்கிறார்.

வீடியோ அனுப்பினவர். பாத்த உடனேயே உள்ளங்கால் கூசிப்போச்சு. திருகோணமலையில கோணேசர் கோயிலடியில இராவணன் வெட்டு எண்ட பாறைப் பிளவை எட்டிப் பாக்கச் சொன்னாலே ஆற்றையாவது கையைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிற ஆள் நான். ஆராவது போனனீங்களோ? உண்மையிலயே பாதுகாப்பானதோ? மகனுக்குப் பதினொரு வயசு, அவன் இப்பவே சப்பாத்தைத் துடைச்சு வைச்சிட்டான்.

டச்சுக்குடா_கடலோடி

காசு குடுத்துப் பயம் வாங்கிறதுக்கு அவ்வளவு தூரம் போகவேணுமே? வெருகல் பக்கம் மாரியில பஸ்ஸில போனால் போதும்.

உவர்மலை_பேர்ண்

தங்கச்சி, நான் பேர்ணில இருக்கிறன், ஊர் உவர்மலை. அந்தப் பாதையில போயிருக்கிறன். கொஞ்சம் நீளமாவே எழுதுறன், பொறுமையா வாசியுங்கோ.

பேர்ணில இருந்து இன்டர்லாக்கன், அங்க இருந்து லவுட்டர்புறுன்னன். அது ரெண்டு பக்கமும் செங்குத்துச் சுவர் எழும்பின பள்ளத்தாக்கு. ஸ்டேசனில இறங்கினதுமே ஸ்டவ்பாக் அருவி தெரியும், 297 மீற்றர் உயரம், கீழ வாறதுக்குள்ள பாதித் தண்ணி புகையாப் போயிடும். கேபிள் காரில ஏறி, பிறகு ஒரு குட்டி றெயிலில மாறினால் மியூறன். 1638 மீற்றர் உயரத்தில, கார் ஓடாத ஊர். எதிர்ப்பக்கம் ஐகர், மோங்க், யுங்ஃப்ராவ் மூண்டும் பல்லுத் தெரியச் சிரிச்சுக்கொண்டு நிக்கும்.

ஹெல்மெட், ஹார்னஸ் எண்ட இடுப்புப் பெல்ட், கொளுக்கிச் செற் எல்லாம் அங்கயே வாடகைக்கு எடுக்கலாம். பாதைக்குக் காசில்லை. 2008 இல திறந்தது, நீளம் 2.2 கிலோமீற்றர், மூண்டு மணித்தியாலம் அளவில பிடிக்கும். மற்றக் கம்பிப் பாதைகள் மேல ஏறும், இது பெரும்பாலும் குறுக்காயும் கீழாயும் போகும். முடியிற இடமான கிம்மெல்வால்ட் 1363 மீற்றரிலதான் இருக்கு. ஒருவழிப் பாதை. "எனக்கு ஏலாது, திரும்பிப் போவம்" எண்டு நடுவில சொல்ல முடியாது. அதை முதலே முடிவெடுத்துக்கொண்டுதான் காலை வைக்கவேணும்.

தொடக்கத்தில பத்தைக்குள்ளால, வேருக்குள்ளால சாதாரண ஒற்றையடிப் பாதைதான். கம்பி பக்கத்தில வரும், கை பழகட்டும் எண்டு போட்டது மாதிரி. கம்பியைப் பாறையோட பிடிச்சு வைச்சிருக்கிற இரும்பு முளை இடைக்கிடை வரும். முளைக்கு முளை வந்து நிண்டு, ஒரு கொளுக்கியைக் கழட்டி அடுத்த பக்கம் மாட்டி, "டிக்" எண்டு பூட்டின சத்தம் கேட்ட பிறகு மற்றதைக் கழட்டி மாட்டுறது. ரெண்டும் ஒரே நேரத்தில கழண்டு இருக்கக் கூடாது. இவ்வளவுதான் முழு வித்தையும். கொளுக்கியின்ர பின்பக்கத்தை உள்ளங்கையால அமத்தினால்தான் வாய் திறக்கும். அரை மணித்தியாலத்தில கை தானாச் செய்யத் தொடங்கும். அதுக்குப் பிறகுதான் கவனம் வேணும், ஏனெண்டால் கை செய்யிறதை மனசு பாக்காது.

பிறகு ஒரு மூலை திரும்பினால் நிலம் இல்லை. சுவரில அடிச்ச இரும்புப் படிகள் குறுக்கால போகுது. ஒவ்வொண்டும் சப்பாத்து அகலம்தான், நடுவில ஆக்கள் மிதிச்சு மிதிச்சு மினுங்கிப்போய்க் கிடக்கும். அந்த மினுக்கத்துக்கு ரெண்டு பக்கத்தாலயும் பாத்தால் கீழ பல நூறு மீற்றர் வெறும் வெளி. பள்ளத்தாக்கு றோட்டில பஸ் தீப்பெட்டி அளவில போகுது. எனக்கு முன்னுக்குப் போன ஒரு கிழவி, எழுபது வயசு இருக்கும், அந்த இடத்தில நிண்டு அப்பிள் சாப்பிட்டவ. நான் சுவரோட கன்னத்தை வைச்சுக்கொண்டு நிண்டனான். அந்த நேரம் பாத்து எங்கயோ பக்கத்தில ஒருத்தன் பாரசூட்டோட குதிக்கிறான். லவுட்டர்புறுன்னன் அந்த விளையாட்டுக்குப் பேர் போன இடம். துணி படபடக்கிற சத்தம் காதடியில கேட்டுது.

பிறகு பாலங்கள். ஒண்டு வெறும் கம்பியிலான பாலம், கீழ ஒண்டில கால், மற்றதுகளில கை. கடைசியில நேபாளப் பாலம் எண்டு தொங்குபாலம், 80 மீற்றர். ஆடும். நடுவில வந்து நிண்டு படம் எடுக்கிற ஆக்களால இன்னும் ஆடும். அதைத் தாண்டினால் கிம்மெல்வால்ட், மாட்டு மணிச் சத்தம், கோப்பி.

இப்ப உங்கட கேள்வி. நான் சொல்லவாறது ஒரே ஒரு விசயம்: இந்தப் பாதைகளில பயம் ஒரு இடத்தில இருக்கும், ஆபத்து வேற இடத்தில இருக்கும். நான் கன்னத்தை ஒட்டிக்கொண்டு நிண்ட அந்தக் குறுக்குச் சுவரில கால் வழுக்கினால் என்ன நடக்கும்? கம்பி படுத்திருக்கு. ஒரு மீற்றர் விழுந்து தொங்குவீங்கள், முழங்கால் தோல் உரியும், திரும்பி ஏறக் கஷ்டப்படுவீங்கள். ஆனா நிமிர்ந்து நிக்கிற ஏணியில, கீழ புல்லுத் தெரியிற, ஒருத்தருக்கும் பயம் வராத இடத்தில வழுக்கினால் கதை வேற. கம்பி நேர்மேல போறதால கொளுக்கி கீழ் முளை வரைக்கும் சர்ரெண்டு வழுக்கிக்கொண்டு வரும். போற வழியில இருக்கிற இரும்புப் படி ஒவ்வொண்டிலயும் அடிபடுவீங்கள். அங்கதான் ஆக்கள் அவசரமா ஏறுறவை.

சீனன்குடா_ஸ்கஃபோல்டர்

நல்ல பதிவு அண்ணை. நான் கத்தாரில கட்டடங்களுக்குச் சாரம் கட்டுற வேலை செய்தனான். அங்கயும் இதே முறைதான், ரெண்டு கொளுக்கி லேன்யார்ட், அதாவது பெல்ட்டையும் கொளுக்கியையும் இணைக்கிற நாடா. ஒண்டை மாட்டாமல் மற்றதைக் கழட்டினால் சேஃப்டி ஒஃபீசர் அண்டைக்கே வீட்ட அனுப்பிப்போடுவார். விழுந்தால் அதிர்ச்சியைக் குறைக்கிற ஷொக் அப்சோர்பரும் இருக்கு. என்ர செற் ஒண்டு வீட்ட சும்மா கிடக்கு, புதுசு மாதிரித்தான். தங்கச்சி கொண்டு போறதெண்டால் தாறன், வாடகைக் காசு மிச்சம்.

உவர்மலை_பேர்ண்

தம்பி, உங்கட பழக்கம் தங்கம். அந்தப் பழக்கம் உள்ள ஆள் கம்பிப் பாதையில மற்ற எல்லாரையும் விடப் பத்திரமாப் போவார். ஆனா சாமானைக் குடுத்துவிடாதேங்கோ.

வேலைத்தளத்து அப்சோர்பர் ஐரோப்பாவில ஈஎன் 355 எண்ட தரத்துக்குச் செய்யிறது. 100 கிலோ பாரம், ஆகக்கூடின விழுகை 4 மீற்றர் எண்டு கணக்கு. நீங்கள் அங்க தலைக்கு மேல மாட்டுவீங்கள், விழுந்தாலும் லேன்யார்ட் நீளத்தோட நிண்டுவிடும். மலையில முளைக்கு முளை 5 மீற்றர் எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ, லேன்யார்ட் 1 மீற்றர். மேல் முளைக்குக் கிட்ட வழுக்கினால் 6 மீற்றர் விழுகை, அதைத் தாங்கிறதுக்கு 1 மீற்றர் நாடாதான் இருக்கு. விழுந்த தூரத்தை நாடா நீளத்தால பிரிச்சால் வாறதுதான் விழுகைக் காரணி, இங்க அது 6. கயிறு கட்டி ஏறுற ஆக்களுக்கு இது 2க்கு மேல போகாது. அதனாலதான் மலைச் செற்றுக்கு ஈஎன் 958 எண்டு தனித் தரம். அதுக்குள்ள மடிச்சுத் தைச்ச நாடா ஒண்டு இருக்கும். விழுந்தால் தையல் வரிசையாக் கிழிஞ்சு, 2.2 மீற்றர் வரைக்கும் நீண்டு, வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக் குறைக்கும். ஒருக்கால் கிழிஞ்சால் அந்தச் செற் குப்பைக்குத்தான்.

சும்மா ஒரு நாடாவில ரெண்டு கொளுக்கி போட்டுக்கொண்டு போற பெடியளையும் கண்டிருக்கிறன். அது இழுபடாது. ஒண்டில் நாடா அறும், இல்லாட்டி இடுப்பு முறியும்.

பாலையூற்று_ஏறி

மன்னிக்கோணும், ஆனா இதை மலையேற்றம் எண்டு சொல்லாதேங்கோ. ஆரோ அடிச்சு வைச்ச இரும்பில ஏறுறதுக்கும் மாடிப்படி ஏறுறதுக்கும் என்ன வித்தியாசம்? பாறையைத் துளைச்சு இரும்பை நட்டு, மலையையும் பழுதாக்கி. உண்மையா ஏறுறவன் பாறையைத் தொட்டு ஏறுவான்.

உவர்மலை_பேர்ண்

பாறையைத் துளைக்கிறது பற்றி நீங்கள் சொல்லுறதில நியாயம் இருக்கு. அல்ப்ஸிலயே அதுக்கு எதிராக் கதைக்கிற மலையேறிகள் கனபேர். மற்றதுக்குப் பதில்: மாடிப்படியில நிண்டு ஒருத்தரும் சுவரைக் கட்டிப்பிடிக்கிறதில்லை.

ஓய்வுபெற்ற_புவியியல்

ஒரு சிறு திருத்தமும் சில தகவல்களும். இதைப் புதிய உல்லாசப் பயண விளையாட்டு என்று நினைக்க வேண்டாம். ஆஸ்திரியாவின் டாக்ஸ்டைன் மலையில் 1843 ஆம் ஆண்டிலேயே ஃப்ரீட்ரிக் சிமோனி என்ற புவியியலாளரின் முயற்சியால் இரும்பு முளைகளும் கைப்பிடிகளும் கயிறும் பொருத்தப்பட்டன. என் துறைக்காரர் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. முதலாம் உலகப் போரில் 1915 முதல் இத்தாலியப் படைகளும் ஆஸ்திரியப் படைகளும் டொலமைட் மலைகளில் எதிரெதிரே நின்றபோது, வீரர்களையும் வெடிமருந்தையும் மேலே கொண்டுபோக ஏணிகளும் கம்பிகளும் போட்டார்கள். பின்னர் அவற்றில் சிலவற்றைத் திருத்தித்தான் இன்று ஆட்கள் விடுமுறைக்குப் போய் ஏறுகிறார்கள். போருக்குக் கட்டியதில் பொழுதுபோக்குவது நமக்கும் புதிதல்ல, கோட்டைக்குள் மானுக்குப் பழம் கொடுக்காத திருமலைப் பிள்ளை உண்டா?

சுவிற்சர்லாந்துக்கு இது தாமதமாகவே வந்தது. அங்கே முதல் பாதை 1993 இல் சுஸ்டன் கணவாய்ப் பக்கம், டெல்லி என்ற இடத்தில் திறக்கப்பட்டது. (நம் பக்கத்து நாட்டுத் தலைநகர் அல்ல.)

கிண்ணியா_நானா

சேர், 1843 எல்லாம் நேற்று. நம்மட நாட்டில அதுக்கு ஐந்நூறு வருசத்துக்கு முந்தியே இருந்திருக்கு. இப்னு பதூதா எண்ட மொறோக்கோப் பயணி 1344 இல பாவா ஆதம் மலைக்கு ஏறினவர், அதுதான் சிவனொளிபாத மலை. பாறையில இரும்பு முளை அடிச்சு, அதில பத்துச் சங்கிலி தொங்க விட்டிருந்ததெண்டு எழுதி வைச்சிருக்கார். பத்தாவது சங்கிலிக்குப் பேர் கலிமாச் சங்கிலி. அந்த இடத்துக்கு வந்து கீழ குனிஞ்சு பாத்த மனிசன் விழுந்திடுவமோ எண்டு பயந்து கலிமா, அதாவது இஸ்லாத்தின்ர நம்பிக்கை வாசகம், சொல்லுவானாம், அதால அந்தப் பேர்.

அந்தப் பேர்ண் நானா கன்னத்தை ஒட்டிக்கொண்டு நிண்ட இடமும் கலிமாச் சங்கிலிதான்.

உவர்மலை_பேர்ண்

நானா, அந்த இடத்தில நான் கோணேசரைத்தான் கூப்பிட்டனான். ஆனா பத்துச் சங்கிலிக் கதை எனக்குப் புதுசு, அருமை.

மடத்தடிப்_பெடியன்

அப்ப நம்மட ஊரில ஒண்டு போட்டால் என்ன? கோணேசர் கோயில் இருக்கிற சுவாமி மலை கடலுக்கு மேல செங்குத்தா நிக்குது. கீழ நீலக்கடல், சில நேரம் டொல்பின். மியூறனை விட வடிவா இருக்கும். புறாத்தீவுக்கு வாற வெள்ளைக்காரர் எல்லாம் வரிசையில நிப்பாங்கள். ஊர்ப் பெடியளுக்கு வழிகாட்டி வேலை.

பாலையூற்று_ஏறி

கோயில் பாறையில துளை போடுறதோ? முதல்ல கோயில் சனம் உங்களைத் துளைக்கும்.

டச்சுக்குடா_கடலோடி

பகிடியை விடுவம். நான் துறைமுகத்துப் பக்கம் வயர் றோப் எண்ட இரும்புக் கம்பிக் கயிறும் ஷக்கிளுமாக் கன காலம் வேலை செய்த ஆள். கோயிலை விட்டுப்போட்டு வேற கடற்கரைப் பாறையைப் பாத்தாலும், உப்புக் காத்து விடாது தம்பி.

வயர் றோப் வெளிய கிறீஸ் பூசி வடிவாத்தான் இருக்கும். உள்ளுக்குள்ள இழைக்கு நடுவில உப்புத் தண்ணி நிண்டு, உள்ளால தின்னும். நாங்கள் பழந்துணியைச் சுத்திப் பிடிச்சு இழுத்துப் பாப்பம். அறுந்த இழை இருந்தால் துணியில கொளுவும். எத்தினை இழை கொளுவுது எண்டு பாத்துத்தான் அந்த றோப்பைத் தூக்குவமோ எறிவமோ எண்டு முடிவு. சுவரில அடிக்கிற முளைக்கு ஸ்டெயின்லெஸ் போடலாம் எண்டு சொல்லுவீங்கள். அதுதான் இன்னும் பொல்லாதது. சாதாரண இரும்பு கறள் பிடிச்சுச் சிவந்து, "நான் செத்துக்கொண்டிருக்கிறன்" எண்டு சொல்லித்தான் சாகும். ஸ்டெயின்லெஸ் மினுங்கிக்கொண்டே நிக்கும். வெக்கை, உப்பு, இழுவை மூண்டும் சேர்ந்தால் உள்ளுக்குள்ள மயிரிழை வெடிப்பு ஓடும். ஒரு நாள் கையோட வரும். 316 எண்டு உசத்தியாச் சொல்லுற ஸ்டெயின்லெஸ் ரகத்துக்கும் இது நடக்கும். தாய்லாந்தில றெய்லே கடற்கரைப் பாறையில ஏறுற ஆக்கள் இந்தக் கரைச்சலாலதான் டைற்றேனியம் போல்ற்றுக்கு மாறினவங்கள். அதின்ர விலையைக் கேட்டுப்போட்டு வாங்கோ, பிறகு கதைப்பம்.

முதலில போடுறதுக்குக் காசு கிடைக்கும், திறப்பு விழாவுக்குப் பந்தலும் கிடைக்கும். வருசா வருசம் ஒவ்வொரு முளையாத் தட்டிப் பாக்கிறதுக்கு ஆர் சம்பளம் குடுக்கிறது? அதைச் சொல்லுங்கோ முதல்ல.

சீனன்குடா_ஸ்கஃபோல்டர்

துணி விசயம் உண்மை. கையுறை இல்லாமல் வயர் றோப் பிடிச்சவனுக்குத் தெரியும்.

உவர்மலை_பேர்ண்

அண்ணை சொன்னது நூத்துக்கு நூறு. இங்கயும் கம்பியில அறுந்த இழை நீட்டிக்கொண்டு நிக்கிற இடம் இருக்கும், அதனாலதான் தோல் கையுறை போடுறது. சுவிஸில உப்புக் காத்து இல்லை, ஆனா பனியும் கல்லும் ஒவ்வொரு குளிர்காலமும் முளையை அடிச்சு வளைக்கும். மியூறன் பாதை யூன் நடுப்பகுதி அளவில சோதிச்ச பிறகுதான் திறக்கிறவை, ஒக்டோபரோட பூட்டு.

கம்பி காப்பாத்தாத விசயமும் இருக்கு எண்டதையும் சொல்லோணும். மலேசியாவில கினபாலு மலையில 2007 இல திறந்த பாதை ஒண்டு இருக்கு, உலகத்திலயே உயரமானது எண்டு பேர் எடுத்தது. 2015 யூன் 5 இல பூமி அதிர்ந்து பாறை உருண்டதில அந்த மலையில 18 பேர் செத்தவை. கம்பிப் பாதைக்கு வந்த சிங்கப்பூர்ப் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் அதில. கொளுக்கி விழாமல்தான் தடுக்கும், மேல இருந்து வாறதைத் தடுக்காது. இடியும் அப்பிடித்தான். இடி முழக்கம் கேட்டால் நீங்கள் பிடிச்சுக்கொண்டிருக்கிறது மலை முழுக்க ஓடுற ஒரு இரும்புக் கம்பி. அல்ப்ஸில கோடையில மத்தியானத்துக்குப் பிறகு மழை கட்டும், அதனால முதல் றெயிலிலயே போங்கோ.

அலஸ்தோட்டம்85

எல்லாருக்கும் நன்றி. வாசிச்சு முடிக்கப் பயம் குறைஞ்சதோ கூடினதோ தெரியேல்லை, ஆனா விளங்குது. ரெண்டு கேள்வி. மகன் 34 கிலோ. அத்தார் தன்ர பழைய செற் ஒண்டை அவனுக்குக் குடுக்கலாம் எண்டு சொல்லுறார், பதினைஞ்சு வருசத்துக்கு முந்தி வாங்கினதாம். மற்றது, கை சோர்ந்தால் என்ன செய்யிறது? நான் தேங்காய் திருவினாலே கை நோகுது எண்டு சொல்லுற ஆள்.

உவர்மலை_பேர்ண்

பழைய செற்றை அவனுக்கு மட்டுமில்லை, அத்தாருக்கும் வேண்டாம். 2012 இல ஆஸ்திரியாவில ஒருத்தர் விழுந்து, செற்றின்ர ரெண்டு நாடாவும் அறுந்து செத்துப்போனார். நீளுற றப்பர் நாடா பாவனையில தேஞ்சிருந்தது. அதுக்குப் பிறகு கன கொம்பனிகள் தங்கட செற்றுகளைத் திருப்பி எடுத்தவை. அத்தாரின்ர செற் அந்தக் காலத்துச் சாமான். அதைவிடப் பழசெண்டால் இன்னொரு வில்லங்கம்: கயிறு ஒரு இரும்புத் தட்டுக்குள்ளால ஓடுற மாதிரி இருக்கும். அதில ஒரு கொளுக்கியைத்தான் மாட்டோணும், ரெண்டையும் மாட்டினால் கயிறு ஓடாது, பிறேக் வேலை செய்யாது. இண்டைக்கு எல்லாரும் ரெண்டையும் மாட்டப் பழகினவை, அதனால பழைய சாமானோட பழக்கம் மாறிப்போகும். வாடகைக்கு எடுங்கோ.

34 கிலோவுக்கு வருவம். இப்பத்தைய தரம் 40 முதல் 120 கிலோ வரைக்கும் உள்ள ஆக்களுக்குத்தான் சோதிச்சது. அதுக்குக் குறைஞ்ச பாரத்தில தையல் ஒழுங்காக் கிழியாமல் போகலாம், அதிர்ச்சி முழுக்கப் பிள்ளையின்ர உடம்புக்குத்தான் போகும். பெரிய ஆள் ஒருத்தர் கயிறு கட்டிப் பிடிச்சுக்கொண்டு போகோணும், அதுவும் பிடிக்கத் தெரிஞ்ச ஆள். அத்தாருக்கு அது தெரியுமோ எண்டு நேரடியாக் கேளுங்கோ. "பாத்துக்கொள்ளலாம்" எண்டு சொன்னால் தெரியாது எண்டு அர்த்தம். வழிகாட்டி எடுங்கோ.

கை சோர்வு: கையால தொங்காதேங்கோ, காலால நில்லுங்கோ. கை சமநிலைக்கு மட்டும். நீளம் குறைஞ்ச நாடாவில கொளுக்கி ஒண்டு தனியா இருக்கும், அதைப் படியில மாட்டிப்போட்டு ஹார்னஸில குந்தி இளைப்பாறலாம். மீட்புக் குழு ஹெலியில வந்து தூக்கிற ஆக்களில கனபேருக்கு ஒரு காயமும் இருக்காது. களைச்சு, முன்னுக்கும் ஏலாமல் பின்னுக்கும் ஏலாமல் நிண்டவை. கம்பிப் பாதைகளின்ர கஷ்டத்தைக் கே1 முதல் கே6 வரைக்கும் அளக்கிறவை. மியூறன் கே3, ஆறு படியில மூண்டாவது. இராவணன் வெட்டில கால் கூசுற ஆளுக்கு முதல் நாளே இது வேண்டாம் எண்டது என்ர அபிப்பிராயம். கே1, கே2 பாதை ஒண்டில ஒரு காலமை போய்ப் பாருங்கோ. பிறகு மியூறன்.

பாலையூற்று_ஏறி

இதில நானும் உடன்படுறன். அதோட, முளைக்கும் முளைக்கும் இடையில ஒரு ஆள்தான். பின்னால வாறவர் விழுந்தாலும் முன்னால போறவர் விழுந்தாலும் மற்றவரையும் இழுத்துக்கொண்டு போவார். மகன் ஆசையில அம்மாவுக்குப் பின்னால ஒட்டிக்கொண்டு வருவான், முதலே சொல்லி வையுங்கோ.

அலஸ்தோட்டம்85

சரி அண்ணை. அத்தாரிட்ட கேட்டனான். "கயிறு பிடிக்கத் தெரியுமோ?" எண்டதுக்கு "பாத்துக்கொள்ளலாம் பிள்ளை" எண்டுதான் பதில் வந்தது. வழிகாட்டிக்கு அக்கா இப்பவே பதிஞ்சு போட்டா. நான் முதல்ல சின்னப் பாதைக்குப் போறன். சப்பாத்துக்கு அடிப்பக்கம் எப்பிடி இருக்கோணும்? பள்ளிக்கூட ஸ்போர்ட்ஸ் சப்பாத்து காணுமோ?

உவர்மலை_பேர்ண்

காணாது. அடி கட்டியா, விளிம்பு வளையாமல் இருக்கோணும். மெதுவான அடியெண்டால் இரும்புப் படி பாதத்தை வெட்டும், அரை மணித்தியாலத்தில கெண்டைக்கால் நடுங்கும். மகனுக்குக் கால் வளருற வயசு, ஊரில வாங்காதேங்கோ. இங்க வந்து அவனையே போட்டுப் பாத்து எடுங்கோ, சில இடங்களில அதுவும் வாடகைக்குக் கிடைக்கும்.